நெய் விடாத இலை

ஒன்பதாம் அத்தியாயம்

சந்திரமதியின் வீட்டு உறியில் ஆறு வாரமாக ஒரு கிண்ணம் நெய் தொங்கிக்கொண்டிருந்தது. மாடு வைத்திருந்த வங்காளியிடம் நாள்தோறும் பால் வாங்கி, ஆடையை ஒதுக்கி, வெண்ணெய் எடுத்து, வாரம் ஒரு தடவை உருக்கிச் சேர்த்த நெய். இத்தனை நாளில் அவள் அதில் ஒரு சொட்டு விட்டுச் சாப்பிட்டவள் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் பேச்சியம்மாள் அந்த உறியைப் பார்க்கும்போதெல்லாம், "எந்தம்பி வர்றதுக்குள்ள அந்த நெய்க்கு வயசாயிடும்டி" என்று கேலி செய்வாள். சந்திரமதி சிரித்து மழுப்பிவிட்டுக் கிண்ணத்தை இன்னும் ஒரு சாண் உயரத்தில் கட்டுவாள்.

அந்தத் தம்பிதான் சந்திரமதியின் புருஷன் அய்யாவு. அவன் திரும்பி வருகிறான் என்று கடிதம் வந்ததைப் போன வாரமே சொல்லிவிட்டேன். நடுவில் ஓர் இதழைத் தவற விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்த வருஷம், மலாயாவில் லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேரைப் பெயர் எழுதிக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்களே, அதில் அய்யாவும் ஒருத்தன். சந்திரமதி தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்று அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். ஆறு மாசத்தில் விலை ஏறிவிடும், வந்துவிடுவேன் என்றுதான் அவன் போனான். ஆறு மாசம் மூன்று வருஷம் ஆயிற்று.

போகிற அன்று லாபிஸ் ஸ்டேஷனில், ரயில் நகர்வதற்குக் கொஞ்சம் முந்தி, அவன் அவள் தலையில் கை வைத்து ஒரு சத்தியம் செய்தான். அய்யாவுக்குக் கள் என்றால் கொஞ்சம் சபலம். அதனால் அவள் பட்ட பாடு ஒன்றா இரண்டா. "இனி உங் கையால சோறு வாங்கித் திங்கிற வரைக்கும் அதத் தொட மாட்டேன் சந்திரா" என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூன்று வருஷத்தை ஓட்டினாள். படுக்கும்போது அதை நினைத்துக்கொள்வாள். எழுந்திருக்கும்போதும் அதையேதான் நினைப்பாள்.

ஆக, இன்றைக்கு அவன் வருகிறான். ஸ்டேஷனுக்குப் போய் அவனை எதிர்கொண்டு அழைக்க அவளுக்கு ஆசை இருக்காதா? இருந்தது. ஆனால் புது ஆட்கள் வருகிற நாள் மருந்து நாள். மருந்து நாளில் ஆயா ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்.

மருந்து என்றால் புழு மருந்து. வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் காலில் ஏறி வயிற்றில் போய் உட்கார்ந்து ரத்தத்தைக் குடிக்கிற புழு இருக்கிறதே, அதற்கான மருந்து. பார்க்கத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு தினுசான இனிப்பு வாசனை அறை முழுக்க ஏறும். அந்த வாசனையில், பக்கத்தில் நிற்கிறவன் வாயிலிருந்து என்ன வாடை வருகிறது என்பதே தெரியாது.

புழுவைக் கொல்ல அது நல்ல மருந்துதான். ஆனால் பத்தியம் தப்பினால் ஆளையும் கொல்லும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நெய், எண்ணெய், கறி கூடாது. கள்ளோ சாராயமோ வாயிலேயே படக்கூடாது. மருந்து குடித்த பிறகும் மறுநாள் வரைக்கும் அதே பத்தியம். வெறும் வயிற்றில் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பேதி உப்பைக் கரைத்துக் குடித்தால் மருந்தும் புழுவும் சேர்ந்து வெளியே போய்விடும். கொழுப்போ சாராயமோ உள்ளே இருந்தால் மருந்து வெளியே போகாது. அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் இறங்கி ஈரலைத் தின்றுவிடும்.

இது சந்திரமதிக்குப் படித்துத் தெரிந்ததில்லை. போன வருஷம் மணியம் என்று ஒரு வாலிபன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் குடித்தாயா என்று கேட்டதற்கு "இல்லீங்க" என்று சொல்லி மருந்தைக் குடித்தான். முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் அவன் குடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சளாயிற்று. ஏழாம் நாள் அவன் துணியைத் துவைத்து அவன் அம்மாவிடம் கொடுத்தவள் சந்திரமதிதான்.

அதற்குப் பிறகு டிரஸர் விசுவலிங்கம் ஒரு சட்டம் போட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டை கசங்கக் கூடாது, பேச்சும் கசங்கக் கூடாது என்று இருப்பவர். மருந்து நாளில் ஒவ்வொருவரையும் வரிசையில் நிறுத்தி நேருக்கு நேராகக் கேட்பார். குடித்தேன், கறி தின்றேன் என்று உண்மை சொன்னால் மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியை ஒட்டிய கொட்டகையில் இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போக முடியாது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. கப்பலிலும் நோய்த்தடுப்பு முகாமிலும் ரயிலிலும் ஒரு மாசம் கிடந்து, பெண்டாட்டி முகத்தைப் பார்க்க ஓடி வருகிறவனிடம், உண்மையைச் சொல், சொன்னால் இரண்டு நாள் அவளைப் பார்க்க விடமாட்டேன் என்று கேட்டால் அவன் எதைச் சொல்வான்? பதினோரு பேர் வரிசையில் நின்றால் பதினோரு பேரும் "இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்கும் பதினோரு பேர்தான். ஸ்டேஷனிலிருந்து லாரி வந்து நின்றபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. முகாமில் எல்லாருக்கும் தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். எல்லார் கழுத்திலும் நம்பர் அடித்த தகர வில்லை. டிரஸர் நம்பரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். சந்திரமதி மருந்துக் கோப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று முகம் முகமாகத் தேடினாள்.

அடர்ந்த கிராப்பும் அகன்ற தோளுமாக ஒருவனை அவள் தேடினாள். அப்படி யாரும் அங்கே இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதே, வழியில் எங்காவது நோயில் விழுந்துவிட்டானோ, முகாமிலேயே நிறுத்திவிட்டார்களோ என்று மனசு கண்டபடி ஓடியது. கை மட்டும் அதுபாட்டுக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தது.

எட்டாவதாக வந்தவன் இளவட்டம். சதாசிவம் என்று பிறகு தெரிந்துகொண்டாள். "குடிச்சனியோ?" என்று டிரஸர் கேட்டதற்கு, "பச்சத் தண்ணிதாங்க குடிச்சேன்" என்று சொல்லிப் பல்லைக் காட்டினான். கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தான்.

ஒன்பதாவது ஆள் ஒட்டிய கன்னமும் முன்பல் ஒன்று இல்லாத வாயுமாக வந்து நின்றான். வயசு ஐம்பது சொல்லலாம். டிரஸர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நேற்று இரவு எண்ணெய், நெய், இறைச்சி ஏதும் சாப்பிட்டனியோ? கள்ளு, சாராயம் குடிச்சனியோ?"

"இல்லீங்க" என்றான் அவன். சொல்லும்போதே அவனுடைய வலது கை மேலே போய்க் காது மடலைப் பிடித்தது. எப்போதோ கடுக்கன் போட்டிருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் நிமிண்டியது.

சந்திரமதி அந்தக் கையையே பார்த்தாள். உலகத்திலேயே ஒருவன்தான் அப்படி நிமிண்டுவான். அதுவும் பொய் சொல்லும்போது மட்டும்தான் நிமிண்டுவான். கள்ளுக்கடையிலிருந்து வந்து நின்று "கங்காணி வீட்டுல பேசிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்கிறபோதெல்லாம் அவன் கை அந்த ஓட்டைக்குத்தான் போகும். ஏழு வருஷம் பார்த்த கை.

மூன்று வருஷமாகக் காத்திருந்த புருஷனை அவள் அடையாளம் கண்டுகொண்டது அவன் சொன்ன பொய்யால்தான். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. டிரஸர் மருந்தை அளந்து கோப்பையில் ஊற்றிவிட்டார். அய்யாவு கையை நீட்டினான். அவன் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அவள் தன்னைத் தெரிந்துகொண்டாளா என்று மட்டும்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர் குடித்திருக்கிறார் என்று இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வாள்? மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிற புருஷனைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே பொய்யன், குடிகாரன் என்று காட்டிக்கொடுப்பதா? சொல்லாமல் கோப்பையை நீட்டினால் மணியத்தின் கதைதான். அவள் கோப்பையைத் தட்டிலேயே வைத்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். இவரு எம் வீட்டுக்காரரு. ஆசையில லாரிக்காரர்கிட்ட நெய் உருண்டை குடுத்தனுப்பிட்டேன். ஸ்டேஷன்லயே தின்னிருப்பாரு. தப்பு என்னுதுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்று சொல்லுங்கள். டிரஸர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். எட்டு வருஷமாக என்னோடு வேலை செய்கிறாய், உனக்கே நான் படிப்பிக்க வேணுமோ என்று ஆரம்பித்து எல்லார் முன்னாலும் நன்றாகக் கொடுத்தார். அவள் தலை நிமிரவில்லை. கடைசியில் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. கொட்டகையில் போட வேண்டாம், நீயே ஆயா, நீயே பார்த்துக்கொள், நாளை மறுநாள் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

அய்யாவு அங்கேயே நின்றான். நெய் உருண்டை எதுவும் வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்பதும் தெரிந்துவிட்டது. அவன் கையைக் காதிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டான்.

பேதி உப்பெல்லாம் கொடுத்து முடித்து அவள் வெளியே வரும்போது பதினொரு மணி. அதுவரைக்கும் அவன் வெளிப் பலகையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தை நோக்கி நடந்தார்கள். மூன்று வருஷமாக அவள் இந்த நடையை மனசுக்குள் நடந்து பார்த்திருக்கிறாள். என்னவெல்லாமோ பேசுவதாக நினைத்து வைத்திருந்தாள். இப்போது அவள் முன்னால் போனாள், அவன் தகரப் பெட்டியோடு பின்னால் வந்தான். ஓரிடத்தில், "ஒரே கப்பல்ல வந்த பையன் ஒருத்தன், சதாசிவம்னு பேரு, யாருமில்லாதவன், மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்" என்று அவன் சொன்னான். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சப்பென்று ஆயிற்று. முதல் சாப்பாடு தனியாக, தன் கையால், அவனுக்கு மட்டும் என்று கனவு கண்டவள் அவள். இருந்தாலும் ஒரே கப்பலில் வந்தவன் கூடப் பிறந்தவன் மாதிரி என்பது இந்த நாட்டில் எழுதாத சட்டம். சரி என்றாள்.

பேச்சியம்மாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்து வந்தவள், தம்பியைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவி ஒரு பாட்டம் அழுதாள். எலும்பும் தோலுமா வந்திருக்கியே என்றாள். அழுது முடித்த கையோடு, "நெய்க்கு முன்னாடி நீதான்டா கிழவனாயிட்ட" என்று சிரித்தாள். அய்யாவும் சிரிக்கப் பார்த்தான். பல் இல்லாத இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். அதைப் பார்த்த சந்திரமதி அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

சதாசிவம் வந்தபோது இலை போட்டாயிற்று. பேதியில் சோர்ந்திருந்தான். தலை லேசாகக் கிறுகிறுக்கிறது என்றான், எல்லாம் பசிதான் அண்ணி என்று அவனே வைத்தியமும் சொன்னான். அய்யாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

சந்திரமதி அய்யாவின் இலையில் சுடச்சுடச் சோறு போட்டுப் பருப்பு ஊற்றினாள். உறியை இறக்கி, ஆறு வாரத்து நெய்யைக் கரண்டியில் எடுத்து, சோற்றின் நடுவில் குழித்து ஊற்றினாள். வாசனை வீடு முழுக்கப் பரவியது. மருந்து குடிக்காத வயிறு, தாராளமாகச் சாப்பிடலாம். சதாசிவத்தின் முன்னால் ஒரு மங்குக் கிண்ணம் நிறையக் கஞ்சியும், இலையில் ஒரு கல் உப்பும் வைத்தாள்.

பேச்சியம்மாளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஒரே பந்தியில் ஒருத்தனுக்கு நெய்ச்சோறு, பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கஞ்சியா? பந்தியில் வஞ்சனை செய்கிறவள் வீட்டில் காக்காய்கூடச் சோறு எடுக்காது என்பார்கள். சதாசிவம், பரவாயில்லை அக்கா, நமக்கு இதுவே அமிர்தம் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகம் வாடியதைப் பார்க்க அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. நெய் விட்ட சோற்றை ஒரு கை அள்ளி அவன் இலையில் வைக்கப் போனான்.

சந்திரமதி அவன் கையைப் பிடித்தாள். மூன்று வருஷம் கழித்து அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாங்க. அவரு மருந்து குடிச்ச வயிறு."

"மருந்து சூடுடி" என்றாள் பேச்சியம்மாள். "ரெண்டு சொட்டு நெய் போனாத்தான் கொடலு வேகாம இருக்கும். இதுகூடத் தெரியாதா?"

"இந்த மருந்துக்கு அப்படி இல்ல மதினி. நெய்யோ சாராயமோ, ரெண்டுமே மருந்த ரத்தத்துக்கு இழுத்துட்டுப் போயிடும். போன வருஷம் மணியத்துக்கு ஆனத மறந்துட்டீங்களா?"

மணியத்தை அந்த லயத்தில் மறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அய்யாவின் கை அப்படியே நின்றுவிட்டது. விரல் இடுக்கில் நெய் வழிந்தது.

"மொத நாளு ராத்திரி குடிச்சிருந்தா?" என்று கேட்டான்.

"அதுக்குத்தான் ஐயா அத்தன தடவ கேக்கறாரு."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் உறைத்தது. அவள் அய்யாவைப் பார்த்தாள். அய்யாவு சதாசிவத்தைப் பார்த்தான். சதாசிவம், சொல்லிவிடாதீர்கள் அண்ணே என்பது போலக் கண்ணால் கெஞ்சினான்.

அய்யாவு கையிலிருந்த சோற்றை இலையில் போட்டான். "கெமாஸ்ல ரயில் மாறுறதுக்கு ராத்திரி முச்சூடும் நின்னோம் சந்திரா. நானும் இவனும் ஒரே போத்தல் சாராயம்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆயிரம் ராத்திரிக்கு மேல் வாக்கைக் காப்பாற்றியவன் கடைசி ராத்திரியில் கோட்டை விட்டுவிட்டான். வேறொரு நாளாக இருந்தால் சந்திரமதி அதற்காக உட்கார்ந்து அழுதிருப்பாள். இன்றைக்கு அழ நேரமில்லை. காலையில் அந்த வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள், அவள் கண்ணுக்கு ஒரே ஒரு ஆள்தான் தெரிந்தான். அந்த ஒரு ஆளைத் தடுத்தாள். அவனுக்கு முந்தி நின்றவன் கோப்பையை வாங்கி விழுங்கியதும் அவள் கையிலிருந்துதான். புருஷன் குடித்திருக்கிறான் என்று தெரிந்த அந்த நொடியில், யாரோடு குடித்தான் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையை அப்போதே சொல்லியிருந்தால் டிரஸரே கேட்டிருப்பார், சதாசிவத்துக்கும் உடனே வைத்தியம் நடந்திருக்கும்.

"எந்திரிங்க தம்பி" என்றாள் சதாசிவத்திடம்.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனார்கள். வழியில் அவன் கஞ்சியை வாந்தி எடுத்தான். பேச்சியம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காலையில் மருந்து குடித்தவர்களும் அவர்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களுமாக இருபது முப்பது பேர் இருந்தார்கள். டிரஸர் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

சந்திரமதி வாயைத் திறப்பதற்குள் அய்யாவு முன்னால் போய் நின்றான்.

"ஐயா, நேத்து ராத்திரி நானும் இவனும் சம்சு சாராயம் குடிச்சோம். நான்தான் வாங்கினேன். காலையில உங்ககிட்ட இல்லைன்னு சொன்னது பொய்."

எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னான். இந்தத் தடவை அவன் கை காதுக்குப் போகவில்லை. அவனுடைய மானத்தைக் காப்பாற்ற அவள் காலையில் சொன்ன பொய்யை, மத்தியானத்தில் அவனே எடுத்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டான். மூலையில் படுத்திருந்த ஒரு பெரியவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, தானும் ஸ்டேஷனில் ஒரு வாய் குடித்ததாகச் சொன்னார். அவர் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

டிரஸர் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சந்திரமதியைப் பார்த்தார்.

"அப்ப அந்த நெய் உருண்டை?"

"அப்படி ஒண்ணு இல்லைங்க ஐயா."

"உன்ரை மனிசனைக் காப்பாற்றினாய். மற்றவனை நினைக்கேல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதும். அவர் உடனே வேலையில் இறங்கினார். சதாசிவத்துக்கும் பெரியவருக்கும் இன்னொரு தடவை பேதி உப்பு. பிறகு அரை மணிக்கு ஒரு தடவை சீனித் தண்ணீர். இன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஈரல் கெட்டிருந்தால் கண்தான் முதலில் சொல்லும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதற்கு முந்தியும் வரலாம் என்றார். பெரிய டாக்டருக்கு எழுதத்தான் வேண்டும், உன் பெயரையும் எழுதாமல் இருக்க முடியாது என்று அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

சட்டப்படி அய்யாவுக்குக் கொட்டகை. இரண்டு நாள், கஞ்சி. யாரும் சொல்லாமலே அவன் எழுந்து போய் அங்கே உட்கார்ந்துகொண்டான். பேச்சியம்மாள், வீட்டில் இலையில் சோறு அப்படியே கிடக்கிறது என்று அழுதுகொண்டே போனாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

சாயங்காலம் வரைக்கும் சந்திரமதி சதாசிவத்தின் கட்டிலைவிட்டு நகரவில்லை. வார்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அய்யாவு செருமுவது கேட்டது. மூன்று வருஷமாக அவர்களுக்கு நடுவில் ஒரு கடல் கிடந்தது. இப்போது ஒரு பலகை கிடக்கிறது. பலகைதான் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ச் சண்டை போடலாமா என்று இருந்தது, கட்டிக்கொண்டு அழலாமா என்றும் இருந்தது.

அவன்தான் முதலில் பேசினான். சுவர் இடுக்கில் வாயை வைத்துப் பேசியிருக்க வேண்டும், குரல் அவ்வளவு பக்கத்தில் வந்தது.

"கெமாஸ்ல முடிதிருத்துற கடையில ஒரு கண்ணாடி இருந்துச்சு சந்திரா. மூணு வருஷத்துக்கு அப்புறம் அதுலதான் எம் மூஞ்சியப் பாத்தேன். எனக்கே அடையாளம் தெரியல. உனக்கு எப்படித் தெரியப்போவுதுன்னு பயம் வந்திருச்சு. அந்தப் பயத்துலதான்."

அவள் சீனித் தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"காலையில எப்படித் தெரிஞ்சுது?" என்று அவன் கேட்டான்.

"காதத் தொட்டீங்களே" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தானா விசும்பினானா என்று அவளுக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகின சத்தம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவன் வந்துவிட்டான் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பலகை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இருட்டத் தொடங்கியதும் விளக்கை ஏற்றினாள். சதாசிவம் கண் விழித்தான். வயிறு புரட்டுகிறது என்றான். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மத்தியானம் பேசிக்கொண்டது காதில் விழுந்தது போலிருக்கிறது, மெதுவாகக் கேட்டான்.

"அண்ணி, எங் கண்ணக் கொஞ்சம் பாருங்களேன். மஞ்சளா இருக்கா?"

அவள் விளக்கைத் தூக்கி அவன் முகத்தருகே பிடித்தாள். கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். மஞ்சளாகத்தான் இருந்தது. இவ்வளவு சீக்கிரம் வருமா? விளக்கு வெளிச்சம்தான் அப்படிக் காட்டுகிறதா? ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கண் ஒன்று வேண்டும். மருந்தே குடிக்காத கண்.

விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அய்யாவு எழுந்து உட்கார்ந்தான். அவள் மண்டிபோட்டு விளக்கை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, அவன் கண்ணையே உற்றுப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவனை அவள் நின்று நிதானமாகப் பார்க்கவேயில்லை. ஒட்டிய கன்னம், விழுந்த பல், நரைத்த மீசை. எல்லாம் மாறிப் போயிருந்தது. கண் மட்டும் அவனுடைய கண்தான்.

"இப்பவாச்சும் பாத்தியே" என்றான் அய்யாவு.

அவனுடைய கண்ணும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. அந்த விளக்கு வெளிச்சத்தில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். சூரியன் வந்தால்தான் உண்மை தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் சதாசிவம் பதிலுக்காக, "அண்ணி" என்று இன்னொரு தடவை கூப்பிட்டான்.